சேனை வைத்த விரல்

பசுமலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேரின் நாக்கில் முதன்முதலாகப் பட்டது ஆசீர்வாதத்தின் விரல்தான். அவர் டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவரின் குணம் அந்தச் சொட்டோடு பிள்ளைக்குள் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே சேனைக்கு ஆள் சொல்லி வைத்துவிடுகிற தெரு அது.

ஆசீர்வாதத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய பொறுமை. யார் என்ன பேசினாலும் வாயை இறுக மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டி, ஒரு புன்னகையோடு நின்றுவிடுவார். தண்ணீர் லாரிக்காரன் அவர் வீட்டைத் தாண்டிப் போய் நின்றாலும் அதே புன்னகைதான்.

அந்தப் பொறுமையின் பூர்வீகம் அவர் மனைவி ஜோசபினுக்கு மட்டும் தெரியும். ஐம்பது வயதுவரை ஆசீர்வாதம் வேறு ஆள். அலுவலக அறையில் அவர் சத்தம் போட்டால் தள்ளியிருந்த வகுப்புகளில் பாடம் நின்றுபோகும். ஒருமுறை கையெழுத்தை இடம் மாற்றிப் போட்ட ஓர் ஆசிரியரைப் பார்த்து ஸ்டாம்ப் பேடை எறிந்தார். அது குறி தவறிச் சுவரில் தொங்கிய காலண்டரில் போய் அப்பிக்கொண்டது. காலண்டரில் இருந்த நல்ல மேய்ப்பர் அந்த வருடம் முடியும்வரை நீல முகத்தோடு ஆடு மேய்த்தார்.

பிறகு ஈறு கெட்டு, மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டவுனில் ஒருவரிடம் பல்செட் செய்து வாங்கினார். முதல் நாளிலிருந்தே அது தொளதொளவென்று ஆடியது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் செய்து கொடுத்தவர். செட் சரியாகவில்லை, ஆசீர்வாதம்தான் சரியாகிப் போனார். ‘டேய்’ என்று வாயைத் திறந்தால் மேல்வரிசை நாக்கின்மேல் இறங்கிவிடும். கோபத்தின் உச்சியில் நிற்கும் மனிதர் பாதிச் சொல்லில் நிறுத்தி, கட்டை விரலால் பல்லை மேலே தள்ளிவிட்டு மீதியைச் சொன்னால் எதிரில் நிற்பவன் பயப்படுவதில்லை. இரண்டொரு தடவை அவமானப்பட்ட பிறகு, கோபம் வரும்போதெல்லாம் நாக்கால் செட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகினார். அப்படிப் பிடிக்கும்போது முகத்தில் ஏற்படும் இறுக்கம் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் புன்னகையாகத் தெரிந்தது.

மனம் திரும்பிய வாழ்க்கைக்கு உதாரணமாகப் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும். ஆசீர்வாதம் மறுக்கவில்லை.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு டீச்சர் எஸ்தர், பிறக்கப்போகும் தன் பிள்ளைக்குச் சேனை வைக்கச் சொல்லி வந்து நின்றாள். அவள் புருஷன் வீட்டார் எல்லாரும் முன்கோபிகள். “செட்டு வாய்க்குள்ள இருக்கிற வரைக்குந்தான் இவரு சாது” என்று ஜோசபின் உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள். புருஷனைப் பற்றிப் பெருமை பேசாத நல்ல மனைவி என்று எஸ்தர் அதையும் புகழாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியது. சேனை வைப்பதில் ஆசீர்வாதத்துக்கு ஒரு முறை உண்டு. கிண்ணத்தில் விரலைத் தொட்டு முதலில் தன் நாக்கில் வைத்துச் சப்பிப் பார்ப்பார். அதே விரலை மறுபடி தொட்டுத்தான் பிள்ளைக்கு வைப்பார். தன் நாக்கில் படாவிட்டால் அது வெறும் சீனித் தண்ணீர், தன் சேனை ஆகாது என்பது அவர் கட்சி. ஊரில் வேறு எதற்கும் தன்னை யாரும் தேடி வராத ஓய்வுக் காலத்தில், இந்த ஒரு மரியாதையை அவர் வெளியில் காட்டிக்கொள்ளாமல் நேசித்தார்.

மகள் ஆன்சிக்குத் தலைப்பிள்ளை ஜெய்சன் பிறந்தபோது கேட்கவே வேண்டாம். ஆன்சி அதே பள்ளியில் டீச்சர் என்பதால் அவளும் மருமகன் ஜூடும் ஆசீர்வாதம் வீட்டிலேயே இருந்தார்கள். தாத்தாவின் பொறுமையைச் சேனையாக வாங்கிய ஜெய்சன், கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து குதிகாலால் உதைப்பான். இதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வயதில் அவனுடைய மேல் முன்பற்கள் பழுப்பாகி, பிறகு ஓரம் உதிரத் தொடங்கின. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று எல்லாரும் இருந்தார்கள். சோறு மெல்ல முடியாமல் அழ ஆரம்பித்த பிறகுதான் பழங்காநத்தத்தில் பல் டாக்டர் வித்யாஸ்ரீயிடம் கூட்டிப்போனார்கள். ஆன்சி அப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதக் கர்ப்பம். ஜெய்சன் தாத்தா மடியில் உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பான் என்பதால் ஆசீர்வாதமும் போனார்.

டாக்டர் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். உதவிக்கு நின்ற பெண்ணோடு அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார். அந்தப் பாஷையில் பேசப்படுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று ஆசீர்வாதத்துக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். முதல் தடவை போனபோதே பையனின் பல்லிலிருந்து கொஞ்சம் அழுக்கை வழித்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு வந்திருந்தது. சொத்தையை உண்டாக்கும் வழக்கமான கிருமியோடு கேண்டிடா என்றொரு பூஞ்சையும் ஏராளமாக இருக்கிறதாம். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

“வீட்ல யாராவது பல்செட் போடுறீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

ஆன்சி அப்பாவைப் பார்த்தாள். ஆசீர்வாதம் வாயை இறுக மூடிக்கொண்டு புன்னகைத்தார்.

கழற்றச் சொன்னார்கள். ராத்திரியில்கூட அவர் அதைக் கழற்றுவதில்லை. மருமகன் நடமாடுகிற வீட்டில் பொக்கை வாயோடு நிற்க அவருக்கு இஷ்டமில்லை. வேறு வழியில்லாமல் கழற்றினார். செட் உட்கார்ந்திருந்த இடம் மட்டும், அச்செடுத்த மாதிரி, மேலண்ணத்தில் செக்கச்செவேலென்று இருந்தது. ஜெய்சன் அண்ணாந்து தாத்தாவின் வாயை அக்கறையோடு பார்த்தான்.

“இதுவும் அந்தப் பூஞ்சைதான்” என்றார் டாக்டர்.

“அப்ப எங்கப்பாட்ட இருந்துதான் புள்ளைக்கு வந்துச்சா?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. பாதிப் பேர் வாயில இது சும்மா குடியிருக்கும். பல்லு சொத்தையான சின்னப் புள்ளைங்ககிட்ட கூடுதலா இருக்கு, அம்புட்டுத்தான் தெரியும். சொத்தையை இது உண்டாக்குதா, சொத்தை இருக்கிற இடத்தத் தேடி இது வருதான்னு இன்னும் முடிவாகல. ஆனா கிருமியும் இதுவும் கூட்டுச் சேந்தா பல்லு மேல படியிற அழுக்கு தடிச்சுப் போகும், பல்லை அரிக்கிற புளிப்பும் கூடும். ரெண்டுக்கும் தீனி சீனிதான்.”

பிறகு டாக்டர் கேள்விகளை அடுக்கினார். சாப்பாடு யார் ஊட்டுவது என்று கேட்டார். தாத்தாதான், சூடு பார்க்க ஒவ்வொரு வாயையும் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுவார். தூங்கும்போது பால் உண்டா என்று கேட்டார். உண்டு, சீனி போட்ட பால்புட்டியை வாயில் வைத்தால்தான் தூங்குவான். முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் புட்டி, அடுத்தது அந்தக் கரண்டி, ராத்திரி செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். பையனின் சொத்தைக்கு ஒரு மருந்தைத் தொட்டு வைத்தார். சொத்தை மேற்கொண்டு பரவாமல் நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும் என்றும் சொன்னார்.

திரும்பும்போது பேயாண்டியின் ஆட்டோவில் வந்தார்கள். பேயாண்டி அதே தெருக்காரர், ஈ எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுகிற சாது. பாலம் ஏறியதும் ஆன்சி பேசினாள்.

“யப்பா. நீங்க அன்னிக்கு நாக்குல வச்சுச் சப்பிட்டுத்தான இவனுக்குச் சேனை வச்சீங்க?”

டாக்டர் சேனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆன்சி அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடத்தை வருடாவருடம் நடத்துகிறவள். ஆனாலும் தினமும் மூன்று வேளை வாய்க்குள் போன கரண்டியை விட்டுவிட்டு, தினமும் ராத்திரி தான் வாயில் வைத்த புட்டியையும் விட்டுவிட்டு, பிறந்த அன்றைக்கு வைத்த ஒரு சொட்டைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியால் வருவது அழுக்கு, சேனையால் வருவதுதான் குணம் என்று அவளுக்குள் யாரோ பாடம் நடத்தியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆசீர்வாதமும் கரண்டியைப் பற்றி யோசிக்கவில்லை. புட்டி என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அதற்கு ஆன்சி அழுதாள். அதோடு புட்டிப் பேச்சு முடிந்தது. ஆட்டோவின் கண்ணாடியில் பேயாண்டியின் கண்கள் மட்டும் தெரிந்தன.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். சொத்தை இருந்த பிள்ளைகள் ஆசீர்வாதத்தின் கணக்கில் எழுதப்பட்டார்கள். அவர் சேனை வைத்தும் பல் நன்றாக இருந்த பிள்ளைகள், எஸ்தரின் மகன் உட்பட, தற்செயல் என்று விடப்பட்டார்கள். அவர் சேனையே வைக்காத ஒரு பிள்ளைக்கும் சொத்தை இருந்தது. அதன் தாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர் அதைக் கொஞ்சியதை நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

ஆன்சியின் முடிவு மறுநாள் காலையில் வந்தது. “ரெண்டாவதுக்கு ஜூடோட அப்பா வைக்கட்டும்ப்பா. உங்க வாய் சுத்தமாயிருச்சுன்னு டாக்டர் சொன்னா அப்பப் பாப்போம்.”

சம்பந்தி ஞானமுத்து ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். கீழக்குயில்குடியில் வீடு. விடிந்தால் சமணர் மலையைச் சுற்றி நடப்பவர். வாயில் ஒரு பல்கூடப் போகவில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார், நம்பாதவர்களுக்குக் கரும்பைக் கடித்துக் காட்டுவார். விடாமல் பேசுவார். தன் மகன் ஜூடுக்குத் தானே சேனை வைத்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஜூடு ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். இதையும் யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தன் வீட்டில், தன் மகளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, கரும்பு கடிக்கிற ஆள் வந்து சேனை வைப்பதை ஆசீர்வாதத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓய்வூதிய விண்ணப்பத்துக்குக்கூடக் காட்டாத சிரத்தையோடு வைத்தியத்தில் இறங்கினார். டாக்டர் கொடுத்த மருந்தை மேலண்ணத்தில் தடவினார். ராத்திரி செட்டைக் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டார். ஜெய்சனுக்குத் தனிக் கரண்டி வந்தது. ஆன்சியும் யாரிடமும் சொல்லாமல் புட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். ஜெய்சன் ஒரு வாரம் வீட்டை இரண்டாக்கிவிட்டு, பிறகு வெறும் தண்ணீர் குடித்துத் தூங்கக் கற்றுக்கொண்டான்.

மருந்தில் சிவப்பு குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. பழைய செட் தொளதொளப்பாக உராய்வதும் ஒரு காரணம் என்றார் வித்யாஸ்ரீ. அளவெடுத்துப் புதுசு செய்து கொடுத்தார். அது மேலண்ணத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. வாயை எவ்வளவு திறந்தாலும் அசையவில்லை.

இங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. முதலில் சிக்கியவன் வாசலை அடைத்து வண்டி நிறுத்தும் ஒரு பையன். வழக்கம்போல ஆசீர்வாதம் நாக்கை மேலே அழுத்தினார். அழுத்துவதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. “டேய்” என்றார், சும்மா பார்ப்போம் என்று. செட் இறங்கவில்லை. இத்தனை வருடம் பாதியில் நின்றுபோன வாக்கியங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. அந்தப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருநகரில்தான் நிறுத்தியிருப்பான். அடுத்து தண்ணீர் லாரிக்காரன், அடுத்து பாடகர் குழுவில் சுதி விலகிய ஒருவர். போதகர் தன் பிரசங்க உதாரணத்தைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்.

“நான் சொன்னப்ப யாரு நம்புனா?” என்றாள் ஜோசபின். அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. கல்யாணம் செய்துகொண்ட ஆளைப் பல வருடம் கழித்து மறுபடி பார்த்தது போல இருந்தாள்.

பிரசவத்துக்கு முந்தின வாரம் வித்யாஸ்ரீ அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னார். பூஞ்சை போய்விட்டது, போகும்போது பொறுமையையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஆன்சிக்கு இப்போது பெரிய குழப்பம். சுத்தமான வாய்க்காரர் கோபக்காரர் ஆகிவிட்டார். அவளால் முடிவு சொல்ல முடியவில்லை. ஞானமுத்துவும் வரட்டும், அப்பாவும் வரட்டும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தமிழ்ச்செல்வி, துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து தாயின் பக்கத்தில் போட்டுவிட்டு, வந்திருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். தாய்ப்பால் தவிர ஒன்றும் கிடையாது, தேன், சீனித் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கூடாது, யாரும் கேட்கவும் வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தினமும் சொல்கிற வேகம் அதில் இருந்தது.

அவள் முதுகு திரும்பியதும் ஞானமுத்து பையிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். அதில் தேன்.

“நர்சம்மா அப்படித்தான் சொல்லும். நான் ஜூடுக்கு வைக்கலயா, அவன் என்ன செத்தா போயிட்டான்” என்றார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, கிண்ணத்தை ஆசீர்வாதத்தின் பக்கம் நீட்டினார். “மொதல்ல நீங்க வைங்க சம்பந்தி. உங்க மக பெத்த புள்ள. பின்னால நான் ஒரு சொட்டு வச்சுக்கிறேன்.”

இரண்டு மாதமாக ஆசீர்வாதம் பாடுபட்டது இதற்காகத்தான். அதைச் சண்டை போட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார், இனாமாகவே கிடைத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிய விரலைத் தேனில் தொட்டார். விரல் பழக்கதோஷத்தில் தன் நாக்கை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் வேட்டியை யாரோ இழுத்தார்கள்.

“தாத்தா, எனக்கு” என்று ஜெய்சன் அண்ணாந்து வாயைத் திறந்தான்.

மேல்வரிசையில் நாலு கறுப்புக் குச்சிகள் நின்றன. ஆசீர்வாதம் தினமும் பார்க்கிற வாய்தான் அது. ஆனால் விரலில் தேனோடு நின்று அதைப் பார்ப்பது வேறு. அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒவ்வொரு கணுவாக, நிதானமாகத் துடைத்தார்.

“என்ன சம்பந்தி, வேணாமா? சரி, நான் வச்சிர்றேன்” என்று ஞானமுத்து தன் விரலைத் தேனில் முக்கிக்கொண்டு குனிந்தார்.

“டேய் ஞானமுத்து. கையை எட்றா.”

புதுச் செட் இம்மிகூட அசையவில்லை. சம்பந்தியை ஒருவர் டேய் போட்டுக் கூப்பிட்டது இந்த இரண்டு குடும்பங்களின் சரித்திரத்தில் கிடையாது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தூக்கிவாரிப்போட்டு, முகம் சிவக்க, முஷ்டியை முறுக்கிக்கொண்டு வீறிட்டது. ஞானமுத்துவுக்கு நீட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் தன் வாயிலேயே வைத்துக்கொண்டார்.

“மாமா சொல்றது சரிதாம்ப்பா” என்றான் ஜூடு. அவன் அந்த மாதம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். ஆன்சி பிள்ளையை எடுத்து மாரோடு அணைத்துப் பால் கொடுத்தாள். தமிழ்ச்செல்வி திரும்பி வந்து, இங்கே சத்தம் போடக்கூடாது என்று ஆசீர்வாதத்தைக் கண்டித்தாள். அவர் பழைய புன்னகையைப் புன்னகைத்துப் பார்த்தார். அது சரியாக வரவில்லை.

ஞானமுத்து ஞானஸ்நான விருந்துவரை வீட்டுப் பக்கம் வரவில்லை. விருந்துக்கு வந்தார், ஆசீர்வாதத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எல்லாப் பற்களையும் உபயோகித்து எலும்பைக் கடித்தார். இரண்டாவது தடவை குழம்பு கேட்டபோது ஆசீர்வாதமே ஊற்றினார். முதுகு கொஞ்சம் திரும்பியது.

சேனையே வைக்காத பிள்ளை என்பதால், இதற்கு யார் குணம் வரும் என்று தெருவில் ஒரு கவலை இருந்தது. பசி வந்தால் அது போடும் சத்தத்தைக் கேட்ட எஸ்தர், கவலையைத் தீர்த்து வைத்தாள். பிறந்த அன்றைக்குக் காதில் விழுந்த முதல் பேச்சே கிளார்க் சாரின் அதட்டல்தானாம். நாக்கு வழியாக இறங்குவது காது வழியாக இறங்காதா என்று கேட்டாள். அவளும் டீச்சர்தான்.

ஆசீர்வாதத்தைத் தேடிப் பிறகு யாரும் வரவில்லை. கோபக்காரரிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள் என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பேயாண்டி, பிறந்து நாலு நாளான மகனைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய மூத்த பையன் தகப்பனைப் போலவே சாது. பள்ளியில் அவன் சாப்பாட்டை மற்ற பிள்ளைகள் பிடுங்கித் தின்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். இவனாவது கொஞ்சம் ரோஷத்தோடு வளர வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீனிப் பொட்டலத்தை எடுத்தார்.

ஆசீர்வாதம் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். வாயில் பூஞ்சை குடியிருப்பதைச் சொன்னார், கிருமியோடு அது கூட்டுச் சேர்வதைச் சொன்னார், இரண்டுக்கும் தீனி எது என்பதையும் சொன்னார். பேயாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார்.

“அறிவிருக்காய்யா உனக்கு?” என்று கத்தினார் ஆசீர்வாதம். “இம்புட்டு நேரமும் என்னத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன்? பச்சப்புள்ளைக்குச் சீனியாடா குடுப்ப?”

கையிலிருந்த குழந்தை உதறிப்போட்டு விழித்து, முகத்தைக் கோணிக்கொண்டு, தெரு முனைவரை கேட்கும்படி அலறியது. பேயாண்டி அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“போதும் சார்” என்றார். “இறங்கிருச்சு.”